மரக்காணம்: உப்புக் குவியலுக்குப் பின்னால் ஒரு பழைய துறைமுகம்

சென்னையிலிருந்து ஈ.சி.ஆரில் புதுச்சேரிக்குப் போகிறவர்கள் மரக்காணத்தில் காரை நிறுத்தி, வெள்ளை வெளேரென்ற உப்புக் குவியல்களோடு ஒரு செல்ஃபி எடுப்பார்கள். அடுத்த நிமிடம் கார் கிளம்பிவிடும். ஆனால், உப்பைத் தாண்டியும் இங்கே பார்க்க நிறைய இருக்கிறது.

சங்க காலத் துறைமுகம்

பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படை, நல்லியக்கோடன் ஆண்ட ஓய்மாநாட்டின் எயிற்பட்டினத்தைப் பற்றிச் சொல்கிறது. அந்தக் கடற்கரைப் பட்டினம் இன்றைய மரக்காணம்தான் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. ஊருக்குள் இருக்கும் பூமீஸ்வரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகளைப் பார்க்கலாம்.

இடிந்த கோட்டை

வடக்கே கடப்பாக்கம் அருகே இருக்கிறது ஆலம்பரைக் கோட்டை. 18-ம் நூற்றாண்டில் துறைமுகமாக இருந்த இது, 1750-ல் பிரெஞ்சு கவர்னர் டூப்ளே கைக்குப் போனது. 1760-ல் ஆங்கிலேயர்கள் பிடித்து இடித்தார்கள். மிச்சம் இருப்பது செங்கல் சுவர்கள் மட்டுமே.

படகு ஓடிய கால்வாய்

ஆந்திராவிலிருந்து கடலோரமாகவே வரும் பக்கிங்ஹாம் கால்வாய் முடிவது மரக்காணத்தில்தான். 1877-78 பஞ்சத்தில் நிவாரண வேலையாக இதன் ஒரு பகுதி வெட்டப்பட்டது. அன்றைய சென்னை மாகாண கவர்னர் பெயரே கால்வாய்க்கும் வந்தது. ஒருகாலத்தில் இதில் உப்பும் விறகும் படகேறின. இப்போது படகுப் போக்குவரத்து இல்லை.

கழுவெளி

ஊரை ஒட்டிய கழுவெளி, பழவேற்காடு போலவே நன்னீரும் கடல்நீரும் கலக்கும் சதுப்புநிலம். 2021 டிசம்பரில் 5,151 ஹெக்டேருக்கும் மேற்பட்ட பரப்பு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

உப்பு விளையும் விதம்

பாத்தியில் உப்புநீரைப் பாய்ச்சி, வெயிலில் வற்றவிட்டு, பலகையால் வாரிக் குவிக்கிறார்கள். கேட்க எளிது, செய்வது கடினம். நாள் முழுக்க உப்புநீரில் நிற்கும் கால் வெடித்துப் புண்ணாகும். வெள்ளைப் பரப்பில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணைக் கூசவைக்கும். கோடையில் ஒரு திடீர் மழை பெய்தாலே பல நாள் உழைப்பு கரைந்துபோகும். வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் வேலையே கிடையாது. மாசக்கணக்கில் கூலி இல்லாமல் வேறு வேலை தேட வேண்டும்.

எப்போது போகலாம்?

பிப்ரவரி நல்ல நேரம். கழுவெளியில் வலசைப் பறவைகள் இருக்கும், உப்பளங்களிலும் வேலை நடக்கும். போட்டோவுக்காகப் பாத்திக்குள் இறங்காதீர்கள். வரப்புகள் மண்ணால் ஆனவை, மிதித்தால் உடையும். பாத்தி கலங்கினால் உப்பில் சேறு சேரும். தொழிலாளர்களைப் படம் எடுப்பதாக இருந்தால், முதலில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.