எந்த வான் என்று யாரும் கேட்கவில்லை

மாத்தளை வீதிகளில் லம்போர்கினி ஓடி நான் பார்த்ததில்லை. ஆனால் இயந்திரத்தை மூக்கில் வைக்காமல் உள்ளே தள்ளி வைத்த ஒரு வாகனம் எங்கள் ஊரில் சந்திக்குச் சந்தி நிற்கிறது. டொயோட்டா ஹயஸ் வான்.

1966இல் ஜெனீவா கண்காட்சியில் லம்போர்கினி மியூரா வந்தபோது அதன் இயந்திரம் ஓட்டுநருக்குப் பின்னால், பின்சில்லுகளுக்கு முன்னால் இருந்தது. பாரம் நடுவில் இருந்தால் வளைவில் கார் சட்டென்று திரும்பும். அதன் பிறகு கவுன்டாக், 1990இல் டியாப்லோ, 2001இல் முர்சியேலாகோ, 2011இல் அவெண்டடோர், 2023இல் ரெவுவெல்டோ என்று தலைமுறைகள் மாறின. உடல் மாறியது, இயந்திரம் நடுவைவிட்டு அசையவில்லை.

மியூராவுக்கு அடுத்த ஆண்டு, 1967இல், ஹயஸ் வந்தது. இங்கே காரணம் வேகமல்ல, இடம். இயந்திரத்தை முன் இருக்கைகளுக்குக் கீழே ஒளித்துவிட்டால் மூக்கே தேவையில்லை. வானின் நீளம் முழுவதும் ஆட்களுக்கும் மூட்டைகளுக்கும்தான். மாத்தளையிலிருந்து ஏ9 வழியாக யாழ்ப்பாணம் வரை முன் இருக்கையில் போனவர்களுக்கு அந்தச் சூடு தெரியும். 1977, 1982, 1989, 2004 என்று அடுத்தடுத்த தலைமுறைகள் வந்தன. 2019இல் வெளிநாட்டுச் சந்தைகளுக்கான புதிய ஹயஸில்தான் இயந்திரம் முன்னால் நகர்ந்து, சின்னதாக ஒரு மூக்கு முளைத்தது.

இலங்கையில் இந்த ஆண்டுகளை யாரும் சொல்வதில்லை. 1989இல் வந்த உருவத்துக்குப் பெயர் டொல்பின். 2004இல் வந்ததற்குக் கேடிஎச். இந்தக் கேடிஎச் என்பது செல்லப் பெயரே அல்ல, செசி இலக்கத்தின் தொடக்கம். 'கேடி' என்பது அதிலுள்ள டீசல் இயந்திரத்தின் குடும்பம், 'எச்' ஹயஸ். ஜப்பானிலிருந்து வந்த வானின் செசியில் முதலில் இந்தக் குறியீடு, பிறகு தொடர் இலக்கம். இலக்கத்தகட்டைக் கழற்றி எறியலாம். செசியில் அடித்திருப்பது அவ்வளவு லேசில் போகாது.

இதையெல்லாம் எனக்கு விளங்கப்படுத்தியவர் உக்குவளைப் பக்கம் கராஜ் வைத்திருக்கும் ஒரு மெக்கானிக். "தங்கச்சி, கண்ண மூடிக்கிட்டு நின்னாலும் ஸ்டார்ட் பண்ற சத்தத்துலயே சொல்லிருவேன், டொல்பினா கேடிஎச்சான்னு" என்றார்.

அவரிடம் நான் போனதற்குக் காரணம் என் பெரியம்மா. 1977 வன்செயலுக்குப் பிறகு இந்த மாவட்டத்திலிருந்து வன்னிக்குப் போய்க் குடியேறிய குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. மாசி மகத்துக்கு முத்துமாரியம்மன் தேர் பார்க்க வருவார். கிளிநொச்சியிலிருந்து சொந்தக்காரர் எல்லாரும் வான் பிடித்து வந்தாலும் அவர் மட்டும் பஸ்ஸில்தான் வருவார். 2008இல் வவுனியாவில் அவருடைய மகனை வெள்ளை வானில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் வாசலில் நின்று பார்த்தவர்.

ஒரு விசாரணையில் அவர் வாக்குமூலம் கொடுத்திருக்கிறார். "என்ன கலர் எண்டு கேட்டவை. வெள்ளை எண்டன். எழுதிச்சினம். நம்பர் கேட்டவை. தகடு இல்லை எண்டன். அதையும் எழுதிச்சினம். அவ்வளவுதான் பிள்ளை."

வெள்ளை வான் என்ற சொல் எங்களுக்குள் ஒரு பேயின் பெயர்போல ஆகிவிட்டது. செய்தியாளர்களான நாங்களும் அப்படித்தான் எழுதிப் பழகினோம். அச்சத்தைச் சொல்ல அது போதும். வழக்குக்குப் போதாது. பேய்க்குச் செசி இலக்கம் இல்லை, வானுக்கு உண்டு. அதை யாரோ இறக்குமதி செய்தார்கள், யாரோ பதிந்தார்கள், ஏதோ ஒரு கராஜில் ஒயில் மாற்றினார்கள். 2008 மே மாதம் கடத்திச் சித்திரவதை செய்யப்பட்ட பத்திரிகையாளர் கீத் நொயாரின் வழக்கில், ஒன்பது ஆண்டுகள் கழித்து 2017இல் இராணுவப் புலனாய்வாளர்கள் கைதானார்கள். அங்கே துப்புக் கொடுத்தவை தொலைபேசிப் பதிவுகள். தேட மனமிருந்தால் பழைய தடமும் பேசும்.

நேரத்தோடு தேடாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு எங்கள் ஊர் ஆஸ்பத்திரி வளவே உதாரணம். 2012 நவம்பரில் அங்கே மண் தோண்டியபோது எலும்புக்கூடுகள் வெளிவந்தன, 150க்கும் மேற்பட்டவர்களுடையவை. 1986க்கும் 1990க்கும் இடைப்பட்டவை என்றார் தொல்லியலாளர் ராஜ் சோமதேவ. அப்படியானால் அவை ஜேவிபி கிளர்ச்சிக் காலத்தில் கொண்டுபோகப்பட்ட சிங்களப் பிள்ளைகளுடையவையாக இருக்கலாம். பின்னர் ஜனாதிபதி ஆணைக்குழு, அவை 1950களுக்கும் முந்தியவை என்றது. கொலை எப்போது நடந்தது என்ற கேள்வியிலேயே விசாரணை நின்றுபோனது. பிள்ளையைத் தேடிய சிங்களத் தாய்மாருக்கு மிஞ்சியது ஓர் ஆண்டுக் கணக்குத் தகராறு.

வான்களுக்கும் இப்போது அதே ஆபத்து. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது பழைய டொல்பின்களுக்கு ஆயுள் நீண்டது. புதிது வராததால் துருப்பிடித்ததையும் வெல்டிங் பிடித்து ஓட்டினார்கள். 2025 பெப்ரவரி முதலாம் திகதி தனியார் வாகனங்களுக்கும் கதவு திறந்தாயிற்று. வரி கூட என்பதால் எல்லாராலும் உடனே வாங்க முடியாது, ஆனாலும் திசை அதுதான். கராஜ்காரர் பின்வளவைக் காட்டினார். இரண்டு டொல்பின்கள் கழற்றப்பட்டுக் கிடந்தன. இயந்திரம் ஒருவருக்கு, கதவு இன்னொருவருக்கு, மிச்சம் இரும்புக்கு. அவை எந்தக் குற்றமும் செய்யாத வாடகை வான்களாக இருக்கலாம். செய்த வான்களும் இப்படித்தான் போகும்.

காணாமல்போனோர் தொடர்பான அலுவலகத்துக்கான சட்டம் 2016இல் வந்தது. கிளிநொச்சியில் தாய்மார் 2017 பெப்ரவரி 20இல் வீதியில் இறங்கினார்கள். இத்தனை ஆண்டுகளில் அவர்கள் சொன்ன ஒவ்வொரு வானையும் தலைமுறை, கதவு, கண்ணாடி, சத்தம் என்று பிரித்து ஒரு பட்டியல் போட்டு, பதிவேடுகளோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டும். அதற்கு வெளிநாட்டு நிபுணர் வேண்டியதில்லை. உக்குவளை மெக்கானிக் போதும்.

போன மாசியில் பெரியம்மாவை அந்தக் கராஜுக்குக் கூட்டிப்போனேன். வரமாட்டேன் என்றவர், பிறகு தானாகவே செருப்பைப் போட்டார். வாசலில் ஒரு கேடிஎச் நின்றது. தூரத்திலேயே நின்று பார்த்தார்.

"இது இல்லை. இதின்ர மூஞ்சி சதுரம். அது சரிஞ்சு வந்தது."

பின்வளவில் கழற்றிக் கிடந்த டொல்பினுக்குப் பக்கத்தில் போனதும் நின்றுவிட்டார். கதவை ஒருக்கா இழுத்து மூடச் சொன்னார். மெக்கானிக் தயங்கி என்னைப் பார்த்தார். பிறகு இழுத்தார்.

"ஓம்" என்றார் பெரியம்மா. "இந்தச் சத்தம்தான்."