கல் பூமியும் மணல் பூமியும்

திண்டுக்கல்லுக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு நேயர் மனக்குறையோடு எழுதியிருக்கிறார். மகளை மன்னார்குடியில் கட்டிக் கொடுத்திருக்கிறாராம். சம்பந்தி வீட்டு வயலில் பில்டர் பாயிண்ட் இறக்கினால் தண்ணீர் வந்து விடுகிறது. இவரோ மனைவியின் வளையலை அடகு வைத்து மூன்று இடத்தில் போர் போட்டார். மூன்றிலும் புழுதிதான் கிளம்பியது. “பூமாதேவிக்கு ஏன் இந்த ஓரவஞ்சனை?” என்று கேட்கிறார். நாலாவது போருக்காகத் தாலிக்கொடியும் அடகுக் கடைக்குப் போகுமுன் பதில் சொல்லிவிட வேண்டும்!

பூமிக்கு அடியில் ஆறு ஓடுவதாகப் பலர் எண்ணுகிறார்கள். அப்படி ஒன்றும் ஓடவில்லை. மணலுக்கு மணல் உள்ள சந்திலும், பாறையின் விரிசலிலுந்தான் தண்ணீர் தங்குகிறது.

மன்னார்குடி, காவேரி கொண்டுவந்து போட்ட பூமி. வேகம் இருக்கும் வரையில் ஆறு எல்லாவற்றையும் சுமந்து வரும். கடலை நெருங்கி வேகம் தளர்ந்ததும் முதலில் பருமணலை இறக்கும், பிறகு பொடிமணல், கடைசியில் களிமண். ஆறு ஒரே தடத்தில் ஓடுவதும் இல்லை. அது விட்டுப்போன பழைய தடங்கள் மணல் பட்டைகளாக மண்ணுக்குள் புதைந்து கிடக்கும். அவற்றைச் சுற்றிக் களிமண் மூடிக்கொள்ளும்.

களிமண்ணும் ஈரமாகத்தானே இருக்கிறது என்பீர்கள். சமையலறையிலேயே சோதித்துப் பார்க்கலாம். வடிகட்டியில் கொண்டைக்கடலையை நிரப்பித் தண்ணீர் ஊற்றுங்கள், சரசரவென்று இறங்கும். அதில் ரவையைக் கலந்து ஊற்றினால், சந்துகள் அடைபட்டுத் தயங்கித் தயங்கிச் சொட்டும். பிசைந்த கோதுமை மாவோ எவ்வளவு தண்ணீர் குடித்திருந்தாலும் ஒரு சொட்டு விடாது. களிமண் அந்த மாவுக்கு இனம். மணலைவிட அதிக ஜலத்தைக்கூட வைத்துக்கொள்ளும். கொடுக்கத்தான் மனம் வராது. இப்படிப்பட்ட மனிதர்களை நாம் பார்த்ததில்லையா?

ஆனால் தண்ணீர் இறங்காத அடுக்கு நல்ல மூடியாக இருக்கும். நெய்வேலியில் 1956-ல் நிலக்கரி நிறுவனம் ஏற்பட்டபோது இதுவே பெரிய சோதனையாக வந்தது. பழுப்பு நிலக்கரிக்குக் கீழே உள்ள மணலில் தண்ணீர் அடைபட்டு, சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ விசையில் மேலே முட்டிக்கொண்டிருந்தது. அதை இரவு பகலாக இறைத்தால்தான் கரியை வெட்ட முடியும் என்றாயிற்று.

சரி, திண்டுக்கல்லுக்கு வருவோம். ஊரின் பெயரிலேயே கல் இருக்கிறது! மலைக்கோட்டையைத் தாங்கி நிற்பது போன்ற பாறைதான் வயல்களுக்கு அடியிலும் பரந்திருக்கிறது. அது எந்த ஆறும் கொண்டுவந்து போட்டதல்ல. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் வெந்து இறுகியது. அதில் சந்து ஏது? வெயிலிலும் மழையிலும் உளுத்துப்போன மேல்தோல், அதற்குக் கீழே சில விரிசல்கள். தண்ணீருக்கு இவ்வளவுதான் பாத்திரம். ஆழம் போகப் போக விரிசல்களும் பெரும்பாலும் குறுகிவிடும். ஒருவர் போரில் விரிசல் அகப்படும். சற்றுத் தள்ளிப் போட்டவருக்குப் புழுதி.

இந்தச் சூட்சுமம் நம் பாட்டன்மார்களுக்குத் தெரிந்திருந்தது. அகலமாகக் கிணறு வெட்டினார்கள். இரவெல்லாம் கசிந்து சேர்ந்ததைப் பகலில் கமலை கட்டி இறைத்தார்கள். மேட்டிலே குளம் வெட்டி, அந்தக் கசிவுக்கும் வழி செய்தார்கள்.

ஆகவே நேயரே, “இன்னும் இருநூறு அடி போனால் கங்கையே வரும்” என்பவரை நம்பாதீர்கள். மண்ணில் மின்சாரம் செலுத்தி, ஈரமுள்ள இடத்தைத் தேடும் சோதனை இருக்கிறது. அதுவும் முழு உத்தரவாதம் தராது. ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு துளைப்பதைவிட மேல். அதற்கும் முன்னால், ஊராரோடு சேர்ந்து குளத்தையும் வரத்து வாய்க்காலையும் தூர் எடுங்கள். சின்னப் பாத்திரம் உள்ளவன்தான் அடிக்கடி நிரப்ப வேண்டும்.

சம்பந்தியிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். மணல் பூமியும் அட்சய பாத்திரம் அல்ல. கடலோரத்தில் அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உப்பு நீர் உள்ளே ஏறிவிடும்.

தாலிக்கொடி வீட்டிலேயே இருக்கட்டும்!