டாக்டரின் பக்கம்: போர்முனையும் அடுக்களையும்



போர் என்றதும் பீரங்கியும் விமானமும்தான் நம் மனக்கண்ணில் தோன்றுகின்றன. ஆனால் பெரும்போர் ஒன்று மூண்டால், போர்முனைக்கு ஆயிரம் மைலுக்கு அப்பால் உள்ள வீடுகளிலும் வாழ்க்கை மாறிவிடுகிறது. முதலில் அடுக்களை மாறும். அடுத்தது மருந்து அலமாரி. இவை இரண்டும் வைத்தியனின் எல்லைக்குள் வருபவை. ஆகவே இம்மாதம் இதைப் பற்றிச் சற்று சிந்திப்போம்.

இரண்டாம் உலகப் போரை எடுத்துக்கொள்வோம். 1942 மார்ச் 8ஆம் தேதி ரங்கூன் ஜப்பானியர் வசமாயிற்று. அதோடு பர்மா அரிசி நின்றது. ஏப்ரல் 5ஆம் தேதி கொழும்பிலும், மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தன. சென்னைவாசிகள் மூட்டை முடிச்சுகளுடன் ஊர்ப்பக்கம் ஓடினார்கள். ஹைகோர்ட் கோயம்புத்தூருக்குப் போயிற்று. கூண்டு உடைந்து வெளியே வந்துவிடுமோ என்ற பயத்தில் மிருகக்காட்சிசாலையின் சிங்கம், புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள். ஆனால் ஜப்பானியப் படை சென்னையில் இறங்கவே இல்லை.

படை வரவில்லையே தவிர, தட்டுப்பாடு வந்தது. அரிசி விலை ஏறியது, மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை, 1943இல் சென்னையில் ரேஷன் வந்தது. தலைமுறை தலைமுறையாக அரிசியே உண்டு வந்த வீடுகளுக்குள் கோதுமை நுழைந்தது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் கஞ்சியாகவே காய்ச்சிக் குடித்ததாக என் பாட்டி சொல்வார். இன்று நம் வீடுகளில் இரவுக்குச் சப்பாத்தி என்பது சர்வசாதாரணம். அந்தப் பழக்கத்துக்கு வழி திறந்ததில் போருக்கும் ஒரு பங்கு உண்டு.

நாம் இன்று வாழும் இந்த மண்ணின் கதை இன்னும் கடுமையானது. ஜப்பானின் வளர்ப்பு முத்துக்களும் உலகப் பொருளாதார மந்தமும் சேர்ந்து 1930களிலேயே இங்குள்ள முத்துக்குளிப்பை வீழ்த்திவிட்டன. அப்போது இங்கே செலாவணி நம் இந்திய ரூபாய்தான். அரிசி, துணி, சர்க்கரை எல்லாம் பெரும்பாலும் இந்தியத் துறைமுகங்கள் வழியாகவே வந்தன. இந்தியாவிலேயே தட்டுப்பாடு என்றால் இங்கே எது வந்து சேரும்? 1940 அக்டோபரில் இத்தாலிய விமானங்கள் பஹ்ரைன் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் மீது குண்டு வீசின, பெரிய சேதமில்லை. இக்கரை மக்களை வாட்டியது குண்டு அல்ல, பசி. துபாயிலும் உணவுப் பொருட்கள் ரேஷனில்தான் கிடைத்தன.

இனி மருந்துக்கு வருவோம். மலேரியாவுக்கு அன்று கைகண்ட மருந்து கொயினா. உலகத்துக் கொயினாவில் பத்தில் ஒன்பது பங்கு ஜாவா தீவின் சின்கோனா மரப்பட்டையிலிருந்து வந்தது. 1942 மார்ச்சில் ஜாவாவும் விழுந்தது. நீலகிரியில் நடுவட்டத்தில் நம் அரசாங்கத்தின் கொயினாத் தொழிற்சாலை இருந்தது. ஆனால் அது நாட்டின் தேவைக்குப் போதவில்லை. கிடைத்த மருந்தில் படைகளுக்கே முதலிடம். கிராமத்து ஏழை குளிர்க்காய்ச்சலில் நடுங்கிக் கிடந்தான்.

இவையெல்லாம் சேர்ந்து வங்காளத்தில் என்ன செய்தன என்று பாருங்கள். 1943இல் அங்கே பஞ்சம். இறந்தவர்கள் சுமார் 15 லட்சம் என்று அரசாங்க விசாரணைக் கமிஷன் 1945இல் கூறியது. பிற்கால ஆய்வாளர்கள் பலர் 30 லட்சம் வரை கணக்கிடுகிறார்கள். இவர்களில் பெரும்பாலோர் வெறும் பட்டினியால் சாகவில்லை. பட்டினியால் மெலிந்த உடலில் மலேரியாவும் காலராவும் அம்மையும் புகுந்து கொன்றன. அமர்த்தியா சென் 1981இல் வெளியிட்ட நூலில் காட்டிய உண்மை இது: தானியம் அடியோடு இல்லாமல் போகவில்லை; போர்க்கால விலையேற்றத்தில் அதை வாங்கும் சக்தி விவசாயக் கூலிக்கும் மீனவனுக்கும் இல்லாமல் போயிற்று. கல்கத்தாவின் ஆலைகளிலும் அலுவலகங்களிலும் வேலை செய்தவர்களுக்கு மலிவு விலையில் அரிசி கிடைத்தது. கிராமத்தான் அதே நகரத்தின் தெருவில் விழுந்து செத்தான்.

அதே போர், அதே ஆட்சியாளர்கள். ஆனால் இங்கிலாந்தில் நடந்தது வேறு. 1940 ஜனவரியில் அங்கே ரேஷன் தொடங்கியது. பணக்காரனுக்கும் ஏழைக்கும் ஒரே அளவு. கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் மலிவாகப் பால். குண்டுவீச்சின் நடுவே முதலில் ஏறிய குழந்தை மரண விகிதம், போர் முடிவதற்குள் முன்னிலும் குறைந்துவிட்டது. போர்முனைக்கு அப்பால் இருப்பவர்களின் உயிரைக் காப்பது பங்கீடுதான், கொல்வதும் பங்கீடுதான்.

இது பழங்கதை என்று எண்ண வேண்டாம். 1990 ஆகஸ்ட் 2ஆம் தேதி ஈராக் குவைத்துக்குள் புகுந்தபோது, அங்கிருந்த நம்மவர்களின் பல ஆண்டு உழைப்பு ஒரே நாளில் ஆட்டம் கண்டது. தினாரின் மதிப்பு சரிந்தது. ஏர் இந்தியா இரண்டு மாதங்களில் 488 நடைகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரைத் தாயகம் சேர்த்தது. அங்கேயே தங்கிவிட்ட குவைத் மக்களுக்கு அந்த மாதங்களில் கைகொடுத்தவை பேட்டைக்குப் பேட்டை இருந்த கூட்டுறவுச் சங்கங்கள். தொண்டர்கள் அவற்றை விடாமல் நடத்தி வீடு வீடாக உணவு கிடைக்கச் செய்தார்கள்.

ஆகவே சில யோசனைகள்.

1. சர்க்கரை, ரத்த அழுத்தம், இருதயம், தைராய்டு ஆகியவற்றுக்கு மருந்து உண்பவர்கள் எப்போதும் ஒரு மாத மருந்து கையிருப்பில் வையுங்கள். ஒரு வருடத்து மருந்து வேண்டாம். அது இன்னொருவருடைய மருந்து. மருந்தின் வணிகப் பெயரோடு மூலப் பெயரையும் அளவையும் ஒரு தாளில் எழுதிப் பாஸ்போர்ட்டோடு வையுங்கள். ஒரு கம்பெனி மாத்திரை கிடைக்காவிட்டால் வேறு கம்பெனியுடையதை வாங்க அது உதவும்.

2. ஊரிலிருந்து விசிட் விசாவில் வரும் பெற்றோர் திரும்பும் தேதி வரைக்கும் எண்ணித்தான் மாத்திரை கொண்டு வருகிறார்கள். விமானம் நின்றால் மாத்திரையும் நின்றுவிடும். அவர்கள் வந்த வாரமே அதற்குச் சமமான மருந்து இங்கே கிடைக்குமா என்று உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

3. வதந்தி கேட்டவுடன் ஐந்து மூட்டை அரிசி வாங்காதீர்கள். நம்மிடம் காரும் இருக்கிறது, கார்டும் இருக்கிறது. சம்பள நாளுக்காகக் காத்திருக்கும் லேபர் கேம்ப் தொழிலாளி கடைக்கு வரும்போது அலமாரி காலியாக இருக்கும். வங்காளத்தில் நடந்ததும், அளவில் பெரிதானாலும், இதுதான்.

4. உங்கள் வீட்டு வேலைக்கு வரும் பெண்மணி, கட்டடக் காவலாளி, பக்கத்து ஃபிளாட்டில் தனியாக இருக்கும் முதியவர் ஆகியோர் என்ன மருந்து சாப்பிடுகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியுமா? அமைதியான நாளிலேயே கேட்டு வையுங்கள்.

நம் சங்கத்தில் அன்னதானத்துக்குப் பந்தி பரிமாறத் தெரியாதவர் யாருமில்லை. கடைசிப் பந்திக்கும் சாதம் மிஞ்ச வேண்டும் என்று முதல் பந்தியிலேயே கரண்டியை அளந்து போடுகிறோம். நெருக்கடி நாளில் கடைக்குப் போகும்போதும் அந்தக் கணக்கை மறக்க வேண்டாம்.

அடுத்த மாதம், கோடையில் வரும் சிறுநீரகக் கற்களைப் பற்றிப் பார்ப்போம்.