டெக் டைம்: வானொலிக்கும் ஒரு பூட்டு வேண்டும்!

சாத்தூர் அருகே உள்ள அச்சங்குளத்தை யாரும் எளிதில் மறக்க முடியாது. 2021 பிப்ரவரி 12-ம் தேதி அங்கிருந்த பட்டாசு ஆலையில் ஏற்பட்ட வெடி விபத்தில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அப்படி ஒரு நாளில் திருப்பூரிலோ சென்னையிலோ வேலை பார்க்கும் பிள்ளைகள் பதறிப்போய் செய்தியைத் தேடுவார்கள். வாட்ஸ்அப்பில் வதந்திதான் முதலில் வந்து நிற்கும். உள்ளூர் வானொலியின் நம்பகமான குரல் அவர்களுக்கும் கேட்டால்?

சமுதாய வானொலிக்கு பொதுவாக 100 வாட் வரைதான் அனுமதி. சுமார் 10, 15 கி.மீ. தாண்டினால் கேட்காது. பாம்பனில் மீனவர்களுக்காக 2016-ல் தொடங்கப்பட்ட 'கடல் ஓசை 90.4' போன்ற நிலையங்களுக்கும் இதே எல்லைதான். அதைத் தாண்ட உதவுவது இணையம். ஸ்டூடியோவில் 'என்கோடர்' என்ற சின்னப் பெட்டி, ஒலியை டேட்டாவாக மாற்றி சர்வருக்கு அனுப்புகிறது.

அதில் கவனிக்க வேண்டியவை மூன்று.

பிட்ரேட்: 128 கே.பி.பி.எஸ். வைத்தால் கேட்பவருக்கு ஒரு மணி நேரத்துக்கு சுமார் 58 எம்.பி. டேட்டா செலவாகும். பேச்சு நிகழ்ச்சிக்கு ஏ.ஏ.சி. முறையில், மோனோவில், 64 போதும், செலவு பாதியாகும். சிக்னல் மந்தமான கிராமத்திலும் திக்காமல் ஓடும்.

பஃபர்: அதிகம் வைத்தால் ஒலி தடைபடாது. ஆனால், நேரலை அத்தனை நொடிகள் தாமதமாகும். இடி, மழை எச்சரிக்கை சொல்லும் நிலையம் இதைக் குறைவாக வைப்பதே நல்லது.

பாஸ்வேர்டு: பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். 2016 ஏப்ரலில் அமெரிக்காவில் சில வானொலி நிலையங்களின் இணையப் பெட்டிகளுக்குள் யாரோ புகுந்து, ஆபாசமான நிகழ்ச்சியை ஒலிபரப்பிவிட்டார்கள். சரியான பாஸ்வேர்டு இல்லாததே காரணம். விபத்து நாளில் நம்மூர் வானொலியில் இப்படி ஒருவர் புகுந்து பொய்த் தகவல் சொன்னால் என்ன ஆகும்?

எனவே, பெட்டியைப் பொருத்திய அன்றே கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள். அதன் செட்டிங்ஸ் பக்கம் வெளி இணையத்தில் திறக்காதபடி ஃபயர்வாலுக்குப் பின்னால் வையுங்கள். கரன்ட் போனாலும் குரல் நிற்காமலிருக்க, என்கோடரோடு மோடத்தையும் யு.பி.எஸ்.ஸில் இணையுங்கள். கடைசியாக, ஸ்டூடியோவுக்கு வெளியே போய் உங்கள் செல்போனில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். ஊர் மக்களுக்கு எப்படிக் கேட்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.