சபையில் பிறந்த சங்கம்

இராயபுரம் முதல் எண்ணூர் வரை நீண்டு கிடக்கும் வடசென்னையைத் துறைமுகத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் உரிய இடமென்றே பலரும் அறிவர். அதன் அண்டையிலுள்ள பெரம்பூரில் நம் போன்ற சங்கத்தாருக்குப் பாடமாக அமைந்த வரலாறு ஒன்று உண்டு.

துணி வணிகரான செல்வபதி செட்டியாரும் இராமாநுஜலு நாயுடுவும் அங்கே ஒரு சமயச் சபை நடத்தி வந்தனர். சொற்பொழிவு கேட்க வந்தோருள் பலர் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளின் தொழிலாளர். பக்திமொழி கேட்ட இடத்திலேயே அவர்கள் தம் குறைகளையும் வாய்விட்டுரைத்தனர். அதன் பயனாக 1918 ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. தலைவர் வாடியா ஆங்கிலத்தில் பேசினார். அது தமிழாக்கிச் சொல்லப்பட்டது. திரு.வி.க.வோ தமிழிலேயே முழங்கினார். உழைப்பவன் தன் நிலையைத் தன் மொழியில் கேட்டான், நிமிர்ந்தான்.

அதே காலத்தில் வேல்ஸ் நாட்டிலும் இதை ஒத்த காட்சியைக் காண்கிறோம். 1921இல் அங்கே நூற்றுக்கு 37 பேரே தம் நாட்டு மொழி பேசினர். அம்மொழிக்கு அரணாய் நின்றவை சிற்றாலயங்களும் ஞாயிற்றுப் பள்ளிகளும். 1922இல் சிறுவர்க்கென ஒரு மொழி இயக்கமும், 1925இல் ஒரு தேசியக் கட்சியும் அங்கே எழுந்தன. மக்கள் கூடும் இடமும் அவர்தம் மொழியுமே எந்நாட்டிலும் பொதுவாழ்வுக்கு விதையாகின்றன.

ஆயினும் மொழி மட்டும் போதுமா? 1921இல் ஆலை வேலைநிறுத்தம் பல திங்கள் நீடித்தது. ஒரே தமிழ் பேசிய தொழிலாளர் சாதியால் இரண்டுபட்டனர். ஆதிதிராவிடர் பலர் வேலைக்குச் சென்றனர், புளியந்தோப்பில் கலகம் மூண்டது, குடிசைகள் எரிந்தன, உயிர்கள் மடிந்தன, போராட்டம் தோற்றது. ஒதுக்கப்பட்டவர்மீது பழி சுமத்துவது எளிது. அவர்களை முன்பே சமமாக அமர்த்தினோமா என்பதன்றோ கேள்வி!

உறுப்பினர்களே! அவ்வாலைகள் இன்று இயங்கவில்லை. பாடம் மட்டும் நிற்கிறது. நம் சங்கத்தின் கணக்கும் அறிக்கையும் தறியிலும் வயலிலும் உழைப்பவர்க்கு விளங்கும் தமிழில் இருத்தல் வேண்டும். ஆண்டுக் கூட்டத்தில் கடைசி வரிசையில் அமர்பவர் எவர், அவர் வாய் திறக்கிறாரா என்பதையும் நாம் நோக்குதல் வேண்டும். பங்குத் தொகை செலுத்திய ஒவ்வொருவருக்கும் வாக்கு ஒன்றே. மதிப்பும் ஒன்றே ஆகட்டும். அஃது இல்லாத சங்கம் நெருக்கடி நேர்ந்த நாளில் ஊடறுந்த பாவாய்ப் பிரிந்துபோம்.