அலை அழைக்கிறது, கைகாட்டி தடுக்கிறது!

ஞாயிற்றுக்கிழமை காலை. கும்மிடிப்பூண்டி இரயில் நிலையத்திலே ஐந்தாறு மாணவர்கள். ஒருவன் கையிலே பந்து. ஒருவன் பையிலே அம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோறு. இன்னொருவன் மாற்றுடையை மடித்துத் துண்டிலே சுற்றி வைத்திருக்கிறான். தகப்பனார் சிப்காட்டிலே இரும்பு உருக்காலைத் தொழிலாளி. பிள்ளை கல்லூரியிலே இரண்டாம் ஆண்டு. மாதக்கணக்கிலே பேசிப் பேசி, ஒரு நாள் குறித்து, நண்பர்களோடு மெரினாவுக்குப் புறப்படுகிறான்.

பெயர் கேட்காதீர்கள், நாம் மனக்கண்ணிலே கண்ட பிள்ளைகள்தாம். ஆனால் எந்த ஞாயிறன்று அந்த நிலையத்திலே போய் நின்றாலும் இவர்களைக் காணலாம்.

வண்டி வருகிறது என்கிறார்கள். வருகிறது, வருகிறது, வந்துகொண்டேயிருக்கிறது! ஒருவழியாக வந்து, ஏறி உட்கார்ந்தால், கவரைப்பேட்டையிலே நிற்கிறது. ஏன் நிற்கிறது? விரைவு வண்டி ஒன்று வருகிறதாம். அதற்கு வழிவிட வேண்டுமாம். விட்டாயிற்று. பொன்னேரியிலே மறுபடியும் ஓர் உறக்கம். இப்போது சரக்கு வண்டி. பெட்டி பெட்டியாக, ஐம்பதுக்கும் மேலே, ஆடி அசைந்து போகிறது. பிள்ளைகள் எண்ணுகிறார்கள், முதலிலே வேடிக்கையாக, பிறகு வேதனையாக. மூர்மார்க்கெட் நிலையத்திலே இறங்கும்போது உச்சி வெயில். கடற்கரை போய்ச் சேர்ந்து கால் நனைத்ததும், 'திரும்புகிற வண்டி எத்தனை மணிக்கோ' என்ற கவலை. அலையிலே அரை மணி, வண்டியிலே அரை நாள்!

"நாட்டிலே எத்தனையோ பிரச்சினை இருக்க, பிள்ளைகள் கடலிலே குளிக்கப் போகிற கதையை எழுத வந்துவிட்டீரே" என்று கேட்கும் பெரியவர்கள் உண்டு. அவர்களுக்குச் சொல்கிறோம்: கோடை வந்தால் குளிர்மலைக்குப் போகிறவனுக்கு ஆண்டுக்கு ஒரு மாதம் ஓய்வு. அவன் நேரத்துக்கு மதிப்பு உண்டு. அவனுக்கு விமானம் பிந்தினால் பத்திரிகையிலே பத்தி பத்தியாகப் புலம்பல். ஆலைத் தொழிலாளியின் மகனுக்கு உள்ளது ஒரே ஒரு ஞாயிறு. நுழைவுக் கட்டணமில்லாமல் ஏழைக்கும் இடம் தருகிற ஒரே மாளிகை கடற்கரை. அந்த ஒரு நாளைத் தண்டவாளத்திலே தின்றுவிட்டால், அவன் யாரிடம் போய்ப் புலம்புவது? ஆகவேதான் எழுதுகிறோம்.

வண்டி ஏன் நிற்கிறது என்று பார்ப்போம். சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி ஏறக்குறைய 48 கிலோமீட்டர். தாமதமின்றி ஓடினாலே மின்சார வண்டிக்கு ஒன்றரை மணி நேரத்தை ஒட்டி ஆகும். அத்திப்பட்டு வரையிலே கூடுதல் பாதைகள் போட்டிருக்கிறார்கள். அதற்கு வடக்கே? போக ஒன்று, வர ஒன்று, அவ்வளவுதான். அந்த இரண்டு தண்டவாளப் பாதையிலேதான் கூடூர் வழியாக விசயவாடாவுக்கும் கல்கத்தாவுக்கும் டில்லிக்கும் போகிற விரைவு வண்டிகள் ஓடவேண்டும். அதிலேயேதான் சரக்கு வண்டிகள் ஓடவேண்டும். அதிலேயேதான் மீஞ்சூரிலும் பொன்னேரியிலும் கும்மிடிப்பூண்டியிலும் ஏறுகிற தொழிலாளியும், மீன் கூடைக்காரியும், மாணவனும், ஆந்திர எல்லை தாண்டிச் சூளூர்ப்பேட்டை வரை போகிறவனும் போயாக வேண்டும். ஒரே வாசல், மூன்று கூட்டம். யாரை முதலிலே விடுவது? தூரத்துப் பயணி முதலிலே. சரக்கும் நெருக்கிக்கொண்டு நுழையும். உள்ளூரான் ஓரத்திலே நிற்பான். இதோடு, பாதைப் பராமரிப்புக்காகக் கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டிப் பகுதியிலே வண்டிகள் இரத்து என்ற அறிவிப்பு அடிக்கடி. பராமரிப்பு வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? வேண்டும், கட்டாயம் வேண்டும். மாற்றுப் பாதை இல்லாததால் பழுது பார்க்கும்போதெல்லாம் பயணி பட்டினி என்பதுதான் நம் வழக்கு.

"சரக்கு வண்டிதானே இரயில்வேக்குச் சோறு போடுகிறது, பயணி வண்டியிலே நட்டம்தானே" என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்தச் சரக்கு எங்கிருந்து வருகிறது? வானத்திலிருந்தா? எண்ணூரிலே துறைமுகம் எழுந்தது 2001-ல். காட்டுப்பள்ளியிலே இன்னொரு துறைமுகம். அது இப்போது அதானி கையிலே. வடசென்னை அனல்மின் நிலையம் நிலக்கரியைத் தின்று சாம்பலைத் துப்புகிறது. நிலத்தையும் நீரையும் நெய்தலையும் கொடுத்தவர்கள் இந்த வட்டாரத்து மக்கள். அவர்கள் உழைப்பிலே பிறந்த சரக்கு முன்னே போகிறது. அவர்கள் பெற்ற பிள்ளை பின்னே நிற்கிறான். நன்றாயிருக்கிறது நியாயம்!

வடக்கே இந்தச் சிக்கலுக்கு மருந்து கண்டார்கள். சரக்குக்கென்றே தனிப் பாதை. பஞ்சாபின் லூதியானாவிலிருந்து பீகாரின் சோன்நகர் வரை 1,337 கிலோமீட்டர். உத்தரப்பிரதேசத்தின் தாத்ரியிலிருந்து மும்பையின் சவகர்லால் நேரு துறைமுகத்துக்கு 1,506 கிலோமீட்டர். சரக்கு அதன் வழியே போகும், பயணி தன் வழியே போவான். நல்ல திட்டம், வரவேற்கிறோம். விந்தியத்துக்குத் தெற்கே இருப்பவன் சரக்கு ஏற்றவில்லையா? துறைமுகம் வைத்திருக்கவில்லையா? தெற்குக்கு அப்படி ஒரு தனிப்பாதை இல்லை. ஆயிரம் கிலோமீட்டர் வேண்டாம் ஐயா, அத்திப்பட்டிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை இருபத்துச் சொச்சம் கிலோமீட்டருக்கு மூன்றாவது, நான்காவது பாதை போடுங்கள் என்றுதான் கேட்கிறோம். டில்லி எசமானர்களுக்கு அந்த இருபது கிலோமீட்டர் கண்ணிலே படவே இத்தனை ஆண்டு!

இரண்டே பாதை என்றால் என்ன ஆகும் என்பதை 2024-ஆம் ஆண்டு அக்டோபர் 11 காட்டியது. ஆயுத பூசை நாள். மறுநாள் விசயதசமி, அடுத்து ஞாயிறு; பிள்ளைகள் ஊர் சுற்றக் காத்திருந்த விடுமுறை. அன்றிரவு மைசூரிலிருந்து தர்பங்கா போகிற பாக்மதி விரைவு வண்டி, கவரைப்பேட்டையிலே நேர்ப்பாதையிலே போகவேண்டியது, பக்கப் பாதையிலே புகுந்து, நின்றிருந்த சரக்கு வண்டியிலே மோதிற்று. பெட்டிகள் தடம் புரண்டன. பலர் காயமுற்றார்கள், உயிர் போகாமல் தப்பியது பெரும்பேறு. அந்த இரவிலே ஓடோடி வந்து பயணிகளை இறக்கி, தண்ணீர் கொடுத்து, தாங்கிப் பிடித்தவர்கள் கவரைப்பேட்டை மக்கள். பீகாரி, கன்னடத்தான் என்று அவர்கள் பிரித்துப் பார்க்கவில்லை. விபத்தின் காரணம் பற்றித் தீர்ப்புச் சொல்வது நம் வேலையல்ல, ஆய்வாளர்கள் வேலை. நாம் சுட்டுவது இதுதான்: ஒரு நிலையத்திலே ஒரு மோதல், உடனே வடதிசை வழி முழுவதும் அடைப்பு. மூன்று நாள் விடுமுறையிலே முதல் நாள் இரவே மூச்சு நின்றது.

மாவட்டத்தின் மறுபக்கம் பார்ப்போமா? திருவள்ளூர் இரயிலைக் கண்டது 1856-ல். தென்னாட்டின் முதல் இருப்புப்பாதை, இராயபுரத்திலிருந்து வாலாசா சாலைக்குப் போட்டது, அந்த வழிதான். அங்கே 2025 சூலை 13, அதுவும் ஞாயிறு, விடியற்காலையிலே டீசல் ஏற்றி வந்த சரக்கு வண்டி தடம் புரண்டு தீப்பற்றியது. பதினெட்டுத் தொட்டிப் பெட்டிகள் எரிந்தன. அரக்கோணம் வழி அடைபட்டது. கடலுக்கும் கோவிலுக்கும் உறவினர் வீட்டுக்கும் புறப்பட்டவர்கள் நடைமேடையிலே நின்றார்கள்.

சென்னைக்குள்ளே வந்துவிட்டால் தீர்ந்ததா துன்பம்? மெரினாவுக்குப் பக்கத்திலே சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, கலங்கரை விளக்கம் என்று பறக்கும் இரயில் நிலையங்கள் உண்டு. சென்னைக் கடற்கரை நிலையத்துக்கும் எழும்பூருக்கும் இடையே நான்காவது பாதை போடவேண்டும் என்று சொல்லி, 2023 ஆகஸ்டு இறுதியிலே அந்த வண்டியைச் சிந்தாதிரிப்பேட்டையோடு நிறுத்தினார்கள். ஏழு மாதம் என்றார்கள். மீண்டும் கடற்கரை நிலையம் வரை ஓடியது 2024 அக்டோபர் 29-ல். ஏழு எப்படிப் பதினான்கு ஆயிற்று? டில்லிக் கணக்கு அப்படி! கணக்கிலே தவறினால் மாணவனைப் பெயிலாக்குகிறார்கள்; இவர்களை யார் பெயிலாக்குவது?

"மெரினா எதற்கு, பக்கத்திலேயே கடல் இருக்கிறதே" என்பது அடுத்த கேள்வி. இருக்கிறது. பழவேற்காடு இருக்கிறது, டச்சுக்காரன் 1613-ல் கோட்டை கட்டிய ஊர், பூநாரை வந்து இறங்குகிற ஏரி. பொன்னேரியிலே இறங்கிப் பேருந்து பிடித்து, பாலம் தாண்டினால் கலங்கரை விளக்கக் குப்பத்துக் கடல். 2011 கிறித்துமசு நாளன்று அந்த நீர்ப்பரப்பிலே படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை இந்த வட்டாரம் மறக்கவில்லை. எண்ணூர்க் கடற்கரை இன்னும் அருகே. அங்கே 2023 திசம்பர் வெள்ளத்திலே எண்ணெய் படர்ந்து, மீனவர் படகும் வலையும் கருத்தன. அதே மாதம் பெரியகுப்பத்திலே அமோனியா கசிந்து மக்கள் நள்ளிரவிலே வீடு விட்டு ஓடினார்கள். 2025 அக்டோபர் இறுதியிலே, கும்மிடிப்பூண்டிப் பக்கத்து இளம்பெண்கள் நால்வர் எண்ணூர்க் கடலுக்கு வந்தவர்கள், அலையிலே சிக்கி, பிணமாகக் கரை ஒதுங்கினார்கள். எழுதும்போதே கை நடுங்குகிறது. வடசென்னைக்கு வடக்கே இத்தனை நீளக் கடற்கரையிலே, பிள்ளைகள் நம்பிக் கால் நனைக்க உயிர்காப்போர் நிற்கிற ஒரு துறை வேண்டாமா? அதை மாநில நிருவாகத்திடமும் மாநகராட்சியிடமும் கேட்கிறோம். ஞாயிறன்று பழவேற்காட்டுக்குக் கூடுதல் பேருந்தும் அவர்களிடமே கேட்கிறோம்.

அவர்களிடம் கேட்கலாம், ஏனென்றால் கேட்டால் காதிலே விழுகிற தூரத்திலே இருக்கிறார்கள். பேருந்து மாநிலத்தின் கையிலே வந்ததால், கலைஞர் ஆட்சியிலே 1972-ல் பல்லவன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. 2021 மே மாதம் தளபதி ஒரு கையெழுத்துப் போட்டார், பெண்கள் நகரப் பேருந்திலே கட்டணமின்றி ஏறினார்கள். மாணவிகள் தோழியரோடு கடற்கரைக்குப் போக அப்பாவிடம் காசு கேட்டு நிற்கவேண்டியதில்லை என்றாயிற்று. இரயில் அப்படியா? அரசியல் சட்டத்தின் ஒன்றியப் பட்டியலிலே பூட்டி வைக்கப்பட்ட பொருள் அது. சாவி டில்லியிலே. பெட்டி கட்டுவது பெரம்பூரிலே, 1955 முதல். வந்தே பாரத் என்று கொடியசைத்து அனுப்புகிற வண்டியும் முதலிலே உருவானது அந்தப் பட்டறையிலேதான். அதைக் கட்டிவிட்டு வீடு திரும்புகிற தொழிலாளி, நெரிசல் வண்டியிலே படியிலே தொங்குகிறான்! முன்பு இரயில்வேக்கென்று தனி வரவுசெலவுத் திட்டம் இருந்தது. எந்தப் பாதைக்கு எவ்வளவு என்று நாடாளுமன்றத்திலே நாள் கணக்கிலே பேசினார்கள். 2017 முதல் அதையும் பொதுத் திட்டத்துக்குள்ளே கரைத்துவிட்டார்கள். கும்மிடிப்பூண்டியின் பெயர் ஒலிக்க இருந்த சன்னலும் சாத்தப்பட்டது.

இடையிலே ஒன்று சொல்லிவிடுகிறோம். புறநகர் வண்டியிலே மாணவன் என்றாலே கத்தி, கல்வீச்சு, கல்லூரிச் சண்டை என்று எழுதுகிற ஏடுகள் உண்டு. சண்டை நடந்ததில்லை என்று நாம் பூசி மெழுகப் போவதில்லை. நடந்தது, உயிரும் போயிற்று, வெட்கப்படுகிறோம். தம்பிமார்களே, கூடப் பயணிப்பவன் உங்களைப் போலவே கும்மிடிப்பூண்டியிலோ திருத்தணியிலோ ஏறியவன். அவன் மீது ஓங்குகிற கையாலே ஒரு மனு எழுதுங்கள். 2017 சனவரியிலே இதே மெரினா மணலிலே ஏறு தழுவுதலுக்காக உட்கார்ந்த மாணவர் கூட்டம், ஒரு கல்லூரியின் பெயரையா சொல்லிக்கொண்டது?

மனுவிலே என்ன எழுதுவது? மூன்றாவது, நான்காவது பாதைக்கு 'அனுமதி' என்ற செய்தி வந்தால் பட்டாசு வெடிக்கவேண்டாம். இந்த ஆண்டு எத்தனை கோடி, நிலம் எப்போது, முதல் தண்டவாளம் எந்த மாதம் என்று கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை அட்டவணையிலே வண்டிகளைக் குறைக்கிற வழக்கத்தை இந்த வழியிலே நிறுத்துங்கள் என்று எழுதுங்கள். வண்டி நின்றால் ஏன் நிற்கிறது, எப்போது புறப்படும் என்று தமிழிலே அறிவிக்கச் சொல்லுங்கள். இதற்குத் தண்டவாளம் வேண்டாம், வாய் போதும்.

மனுவிலே கையெழுத்து வாங்க வெகுதூரம் அலையவேண்டியதில்லை. வருகிற ஞாயிறு, பொன்னேரியிலே சரக்கு வண்டிக்கு வழிவிட்டு வண்டி நிற்கும்போது, ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்கு இறங்கி ஏறினால் போதும். நேரம் நிறையவே கிடைக்கும்.