ஜூன் 21 மாலை... மொட்டை மாடியில் ஒரு க்ளிக்!

சூரியன் எங்கே மறையும் என்று வீட்டில் யாரைக் கேட்டாலும் 'மேற்கே' என்று பட்டென பதில் வரும். ஆனால், மிகச் சரியாக மேற்கில் மறைவது வருடத்தில் இரண்டு முறைதான். மார்ச் 20-ஐ ஒட்டி ஒருமுறை, செப்டம்பர் 22-ஐ ஒட்டி இன்னொரு முறை. மற்ற நாள்களில் வடக்கேயோ தெற்கேயோ தள்ளித்தான் மறையும்.

வடக்கே அதிகபட்சமாகத் தள்ளிப்போகும் நாள், ஜூன் 21. வருடத்தின் நீண்ட பகலும் அன்றுதான். சென்னையில் ஏறத்தாழ 12 மணி 53 நிமிடம்!

எவ்வளவு தள்ளிப்போகும்? கையை நேராக நீட்டி, விரல்களை மடக்கிக்கொள்ளுங்கள். அந்த முஷ்டியின் அகலம் வானத்தில் சுமார் 10 டிகிரி. ஜூன் 21 அன்று சென்னையில் சூரியன் மறையும் இடம், நேர் மேற்கிலிருந்து வலப்பக்கம் சுமார் இரண்டரை முஷ்டி தூரம். டிசம்பர் 21 அன்று இடப்பக்கம் அதே இரண்டரை. ஆக மொத்தம், ஆறே மாதத்தில் ஐந்து முஷ்டி தூரம் இடம் மாறுகிறது.

இதை உங்கள் போனிலேயே பதிவு செய்யலாம். தேவை இரண்டே படங்கள்.

எப்படி எடுப்பது?

* மாடியில் நிற்கும் இடத்தை சாக்பீஸால் குறித்துவிட்டு, ஒரு போட்டோவும் எடுத்து வையுங்கள். டிசம்பரில் சாக்பீஸ் கோடு இருக்காது!

* போனை அகலவாக்கில் பிடித்து, காம்பஸ் ஆப் பார்த்து நேர் மேற்கே திருப்புங்கள். சூரியனை நடுவில் கொண்டுவர வேண்டாம். வலது ஓரத்தில் இருக்கட்டும். டிசம்பர் சூரியனுக்கு இடது பக்கம் காலியாக இருக்க வேண்டுமே!

* ஜூம் வேண்டாம். 1x போதும். தண்ணீர்த் தொட்டி, தென்னை, செல்போன் டவர் என நகராத ஏதாவது ஒன்று படத்தில் இருந்தால், ஒப்பிடுவது சுலபம்.

* லென்ஸை மெல்லிய துணியால் துடையுங்கள். விரல் ரேகை இருந்தால் வெளிச்சம் சிதறும்.

* சூரியனுக்குப் பக்கத்து வானத்தைத் திரையில் அழுத்திப் பிடித்து, வெளிச்ச அளவைக் கீழே இறக்குங்கள். அப்போதுதான் சூரியன் வெள்ளைத் திட்டாகத் தெரியாமல், வட்டமாகத் தெரியும்.

சென்னையில் அன்று சூரியன் மறைவது மாலை 6.37 வாக்கில். கால் மணி நேரம் முன்பே மாடிக்குப் போய்விடுங்கள். மறைந்ததும் இறங்கிவிட வேண்டாம். வானம் நன்றாகச் சிவப்பது பல நாள்களில் அதற்குப் பிறகுதான்.

ஒரு எச்சரிக்கை: சூரியனை வெறும் கண்ணால் உற்றுப் பார்க்கக் கூடாது. பைனாகுலர் வழியாகவோ, கேமராவின் வியூஃபைண்டர் வழியாகவோ பார்க்கவே கூடாது. போன் திரையில் பார்த்தே எடுங்கள். குழந்தைகள் கூட வந்தால், கைப்பிடிச் சுவர் பக்கம் ஒரு கண் இருக்கட்டும்.

மேகம் மூடிவிட்டால்?

கவலை வேண்டாம். திரும்புவதற்கு முன் சூரியன் ஏறக்குறைய அதே இடத்தில் சில நாள்கள் நிற்கும். ஜூன் 18 முதல் 24 வரை எந்த மாலையில் எடுத்தாலும் படத்தில் வித்தியாசம் தெரியாது.

'தட்சிணாயனம் ஆடி 1-ல்தானே ஆரம்பம்?' என்று தாத்தா பாட்டி கேட்கலாம். பஞ்சாங்கக் கணக்கில் அப்படித்தான். பூமியின் அச்சு, சுற்றும் பம்பரம்போல மிக மெதுவாகத் தலையாட்டுவதால், பல நூற்றாண்டுகளில் அந்தக் கணக்குக்கும் வானத்துக்கும் இடையே மூன்று வாரத்துக்கும் மேல் இடைவெளி விழுந்துவிட்டது. சூரியன் தெற்கே திரும்புவது இப்போது ஆனி முதல் வாரத்திலேயே நடந்துவிடுகிறது.

சூரியன் அடுத்த ஜூனிலும் அதே இடத்துக்கு வந்துவிடும். நம் தெருவுக்கு அந்த உத்தரவாதம் இல்லை. இன்று அடிவானம் தெரியும் இடத்தில் அடுத்த வருடம் ஓர் அடுக்குமாடி எழும்பியிருக்கலாம், தென்னை இல்லாமல் போயிருக்கலாம். இந்தப் படம் அதற்கும் சாட்சி. வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், தரம் குறையாது.

படம் எடுத்த கையோடு, டிசம்பர் 21 மாலை 5.30-க்கு ஒரு ரிமைண்டர் போட்டுவிடுங்கள். அன்று சூரியன் சீக்கிரமே கிளம்பிவிடும்!